ஆறாவது கம்பத்துத் தகடு

போர்ட் ரான்சம் ஊரில் வழிகாட்டி என்று ஒருவர் கிடையாது. தேவையில்லை என்பது கவுன்சிலின் முடிவு. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மூடியைத் தூக்கினால் மடித்த தாள்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு, கம்பத்துக்குக் கம்பம் நீங்களே நடந்து, நீங்களே வாசித்து, நீங்களே வியந்துகொண்டு போகலாம். மொத்தம் பதினாறு கம்பங்கள், ஒவ்வொன்றிலும் ஊர்ப் பழங்கதை பொறித்த ஒரு தகடு. தங்கம் கிடைத்த காலத்தில் இங்கே அறுபத்தேழு சாராய விடுதிகள் இருந்தனவாம். இப்போது இரண்டு, அதிலும் ஒன்று ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. அப்போது முகத்துவாரத்து மணல்திட்டில் மாதம் தவறாமல் ஒரு கப்பல் மோதி உடைந்தது. இப்போது மோதுவதற்கே கப்பல் வருவதில்லை. இந்த இரண்டு செய்திகளை வைத்துக்கொண்டு பதினாறு கம்பங்களை நிரப்பியது சாமர்த்தியம்தான்.

இந்த நடைக்கு மூன்று வேண்டும். நல்ல செருப்பு, மழைக்கோட்டு, வாசிக்கத் தெரிவது. அந்தப் பதினாறு கம்பங்களுக்கும் குழி தோண்டி, நட்டு, தகடுகளைத் திருகி மாட்டிய டார்சி ஹான்லனிடம் முதல் இரண்டும் இருந்தன.

ஐம்பத்திரண்டு வயதில் டார்சிக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். எண்கள் தெரியும். மற்ற எழுத்தெல்லாம் ஈர மணலில் கடற்காகம் நடந்த தடம் மாதிரி. யாரோ நடந்திருக்கிறார்கள் என்று தெரியும். எங்கே போனார்கள் என்று தெரியாது.

அவன் படித்தது மர அறுவை ஆலைக்குப் பக்கத்திலிருந்த ஓரறைப் பள்ளியில். அந்தக் கடற்கரையில் மழை நின்றால்தான் செய்தி. ஈரக் காலோடு வரும் பிள்ளைகளுக்காக வகுப்பில் ஒரு இரும்பு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். இந்தப் பையன் அடுப்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான் என்று டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். வாசிப்பு நேரம் வந்தால், "டார்சி, அடுப்பு." எட்டு வருஷம் அவன் அடுப்பைப் பார்த்தான். பக்கத்து இருக்கை காலின் பென்ஹேல். பரீட்சை என்றால் காலின் எழுதுவதை டார்சி படம் வரைகிற மாதிரி வரைந்துவிடுவான். ஒரு தடவை மும்முரத்தில் காலினின் பெயரையும் சேர்த்தே வரைந்துவிட்டான். இரண்டு பேருக்கும் பிரம்படி. தனக்கு ஏன் விழுந்தது என்று காலினுக்கு வெகு காலம் விளங்கவில்லை.

பதினைந்து வயதில் ஆலைக்குப் போனான். ஆலை மூடியதும் கவுன்சில் வேலைக்கு வந்தான். புல் வெட்டுவது, குப்பைத் தொட்டி, சாக்கடை, பலகைகள். ஒளிந்து வாழ்வதற்குச் சில தந்திரங்கள் வைத்திருந்தான். மருந்துக்கடைச் சுழல்தட்டில் வாங்கிய ஒரு கண்ணாடி அதில் தலையானது. பருந்து மாதிரிக் கண் அவனுக்கு. கண்ணாடி எதற்கு என்றால், மறப்பதற்கு. "அடடா, கண்ணாடிய மறந்துட்டேனே, நீ கொஞ்சம் பாரேன்." படிவம் நிரப்புகிற நாளில் வலது கையில் துணிக்கட்டு இருக்கும். விடுதியில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், முன்னால் நின்றவனைக் காட்டி, "அவனுக்கு என்னவோ அதே." இப்படியே ஒரு தடவை ஈரல் வறுவல் சாப்பிட நேர்ந்தது. முகம் சுளிக்காமல் சாப்பிட்டான்.

அவன் மனைவி நைரிக்கு மட்டும் தெரியும். அவளுக்குத் தெரிந்த விதம் இது. கல்யாணத்துக்கு முன், நைரி அவனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். இனிமேல் வர வேண்டாம், நமக்குள் சரிப்படாது, நல்லா இரு என்று இரண்டு பக்கம், அழுதுகொண்டே எழுதியது. அந்தச் சனிக்கிழமை டார்சி தலையை வாரிக்கொண்டு, வாளி நிறையப் பொடிமீனோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "உன் கடுதாசி கிடைச்சுது, நைரி. அவ்வளவு அழகா எழுதியிருந்த" என்றான். நைரி அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாளியை வாங்கி உள்ளே கொண்டுபோய், முட்டை அடித்து, மீனை அடையாக வார்த்து, அவனுக்கு இரண்டு போட்டாள். அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் அவன் வேலைத்தாளைக் காலைச் சாப்பாட்டின்போது அவள்தான் வாசிப்பாள். ஒரு தடவை கேட்டால் போதும், தெரு, எண், நேரம் எல்லாம் அவனுக்கு ஏறிவிடும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அக்டோபரில், கிறைஸ்ட்சர்ச்சில் இருந்த மகளுக்குக் குழந்தை ஐந்து வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. நைரி அவசரமாகப் பஸ் ஏறினாள். மறுநாள் ஆல்மா கிட்டோ தகடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆல்மாவுக்கு எழுபத்தேழு. முப்பத்தோரு வருஷம் ஊர்த் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்து, ஒருவர் வீட்டுக் கம்பியை இன்னொருவர் வீட்டுத் துளையில் செருகிக்கொண்டிருந்தவர். யார் யாரோடு பேசினார்கள், யார் அழுதார்கள் எல்லாம் அவர் காது வழியாகத்தான் போனது. ஒரு சொல் வெளியே வந்ததில்லை. இணைப்பகத்தை மூடிப் பதினாலு வருஷமாகியும் ஊர்க்காரர்களைப் பெயரால் கூப்பிட மாட்டார். அந்தக் காலத்து எண்தான். மீன்கடையில் நின்று, "இருநூத்திப் பன்னெண்டு, உன் முட்டி வலி எப்படி இருக்கு?" என்பார். அந்த ஞாபகசக்திதான் அவர் கழுத்தில் போட்டிருந்த நகை. இந்த நடைக்கு வேண்டிய பழைய பத்திரிகைகளையெல்லாம் துருவி, பதினாறு தகட்டு வாசகங்களையும் எழுதியது அவர்தான்.

"நூத்தி நாப்பத்தேழு," என்றார், பெட்டியை டார்சியின் வண்டியில் வைத்து. "பதினாறும் இருக்கு. நம்பர் கம்பத்துல இருக்கு, தகட்டுல இல்ல. அதனால எதை எங்க மாட்டணும்னு இந்தத் தாள்ல எழுதியிருக்கேன். ஒவ்வொண்ணோட முதல் வரியும் இருக்கு, ஒப்பிட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும். சந்தேகம்னா இப்பவே கேளு."

டார்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தான். ஒரு தாளை எவ்வளவு நேரம் பார்த்தால் வாசித்ததாக நம்புவார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. மனசுக்குள் இருபது எண்ண வேண்டும். பன்னிரண்டில் ஒரு தடவை புருவத்தைச் சுருக்க வேண்டும்.

"தெளிவா இருக்கு, ஆல்மா."

சாயங்காலம் நைரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னான்.

"ஆல்மாகிட்டயே சொல்லிடு," என்றாள் நைரி. "இந்த ஊர் குப்பையெல்லாம் அவங்க காதுல கிடக்கு. உன் ஒரு பிடி சேர்ந்தா நிறைஞ்சு வழிஞ்சிடாது."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா நீ சொல்லப் போறதில்லன்னு அர்த்தம்."

சொல்லவில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்ததும் தேவையில்லை என்றே தோன்றியது. பதினாலு தகடுகளில் படம் இருந்தது. தூண் வைத்த வங்கி, சுங்கச்சாவடி, துறைமேடை, உடைந்த கப்பல். குழந்தை கூட மாட்டிவிடும். இரண்டே இரண்டு தகடுகளில் படம் இல்லை, எழுத்து மட்டும். மிஞ்சிய கம்பங்களும் இரண்டு. ஆறாவது, பென்ஹேல் வீட்டு வாசலில். பதினொன்றாவது, ஆற்றோரம் இடிந்துபோன பெரிய விடுதி நின்ற வெற்றிடத்தில். டார்சி இரண்டையும் வண்டியின் பின்பக்கம் சாய்த்து வைத்துவிட்டு யோசித்தான். ஒன்றில் எழுத்து நெருக்கமாக, மேலிருந்து கீழ்வரை. இன்னொன்றில் ஏழெட்டு வரிதான். விடுதி மூன்று மாடி. பென்ஹேல் வீடு இரண்டு அறையும் ஒரு புகைபோக்கியும். பெரிய கட்டிடத்துக்குத்தானே நிறையச் சொல்ல இருக்கும்? நிறைய எழுத்தை விடுதியிலும், கொஞ்ச எழுத்தை வீட்டிலும் மாட்டினான். மட்டப்பலகை வைத்துப் பார்த்து, ஒரு முடி அளவு சாய்வு இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் நாலு திருகாணி. வேலை என்றால் அவன் வேலை.

திறப்பு விழா சனிக்கிழமை, அந்த நாட்டில் அக்டோபர் கடைசியில் வரும் தொழிலாளர் நாள் விடுமுறையில். மழை தூறிக்கொண்டிருந்தது, அதனால் நல்ல வானிலை என்றார்கள். எழுபது பேர் வந்திருந்தார்கள். ஆல்மாவின் தங்கை மகள் மர்லின் டிமாருவிலிருந்து வந்திருந்தாள். ரொட்டியில் சுருட்டிய சாஸேஜைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் கம்பம் கம்பமாக நகர்ந்தது. ஆறாவது கம்பம் காலினுடையது. காலின் இப்போது இரும்புக்கடை முதலாளி, துணை மேயர். அவனுடைய கொள்ளுப்பாட்டிக்குப் பாட்டி ஹானா, கப்பல்களை முகத்துவாரத்துக்குள் அழைத்து வரும் பைலட்டின் மனைவி. மணல்திட்டில் மூழ்கிச் செத்தவர்களை அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில் கிடத்தி, கழுவி, தன் வீட்டுத் துணியை உடுத்தி அடக்கத்துக்கு அனுப்பியவள். ஒன்பது வருஷத்தில் நாற்பத்தொரு பேர். அதை இந்த ஊரில் காலின் சொல்லிக் கேட்காதவர் இல்லை. அன்றைக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்து, திரையை விலக்கி, மேடைக் குரலில் வாசிக்க ஆரம்பித்தான்.

"இவ்வாசலில் எந்நேரமும் விளக்கு எரிந்தது. நடனமாதர் பதினொருவர்..." காலினின் குரல் கொஞ்சம் தடுமாறியது, ஆனால் வேகத்தில் போகிற வண்டி உடனே நிற்காது. "...பதினொருவர் இருந்தனர். சாராயத்தில் புகையிலைச் சாறு கலந்து கொடுத்து, மயங்கியவர்களின் தங்கப் பைகளை அறுத்துக்கொண்டு, பின்வாசல் வழியே ஆற்றில் உருட்டிவிடுவர். இத்தொழில் இங்கே பல ஆண்டுகள் தடையின்றி நடந்தது."

"அப்போ இனிமே உங்க வீட்டுல டீ குடிக்கிறதுன்னா யோசிக்கணும், காலின்!" என்று, யாரையும் கேலி செய்யாமல் விடாத ஸ்பட் மோரன் பின்னாலிருந்து கத்தினான். அவ்வளவுதான், எழுபது பேரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டாம் என்று வாயில் ரொட்டியை அடைத்துக்கொண்டவர்கள் தும்மினார்கள்.

காலினின் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது. "ஆல்மா! என்ன இது?"

"இது பதினொண்ணாவது தகடு," என்றார் ஆல்மா. "விடுதியோடது. டார்சிக்குக் குடுத்த தாள்ல நான் சரியாத்தானே எழுதினேன். ஆறுக்கு ஹானா..."

"டேய் டார்சி, தாளு எங்கடா?" என்றான் காலின்.

தாள் டார்சியின் சட்டைப்பையில், நெஞ்சுக்கு மேலே நாலாக மடித்து இருந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எட்டு வயதில் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்த அதே பார்வை. எடுத்துக் கொடுத்தால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். சரியாத்தானே இருக்கு, அப்புறம் ஏண்டா இப்படி மாட்டினே?

"வண்டில நனைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்," என்றான். "தாள்ல இருந்தபடிதான் மாட்டினேன்."

ஆல்மா அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. ஆனால் அது அவன்மேல் இல்லை. அவர் மெதுவாகத் தன் நெற்றியைத் தொட்டார். "அப்படியா எழுதினேன்?" என்றார். மர்லின் வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு தகடுகளையும் அங்கேயே கழற்ற வைத்தான் காலின். ஆல்மா எழுதிய பதினாறையும் ஹோக்கிடிகாவிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவர் வந்து சரிபார்க்கட்டும், அதுவரை திறப்பு நிற்கட்டும் என்று முடிவானது. மத்தியானம் டார்சி கவுன்சில் கொட்டகைக்குப் போய் அடுப்பைத் திறந்து தாளை உள்ளே போட்டான். அடுப்பு பார்ப்பதில் அவனுக்கு நிகர் யாருமில்லை. நன்றாக எரிந்தது.

யாராவது கோபித்திருந்தால் ஆல்மா தாங்கியிருப்பார். ஊர் கோபிக்கவில்லை, இரக்கப்பட்டது. பேசும்போது குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேச ஆரம்பித்தார்கள். கடையில் பையில் வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டினார்கள். போன மாதம் பாலை அடுப்பில் மறந்துவிட்டாராமே என்றார்கள். அந்த ஊரில் பாலை மறக்காத வீடு எது என்று யாரும் கேட்கவில்லை. அதுவரை தன் பொறுப்பிலிருந்த ஊர் அருங்காட்சியகத்துச் சாவியை ஆல்மாவே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்.

நவம்பர் முதல் வாரம் டார்சி ஆற்றங்கரையில் பொடிமீன் வலையோடு நின்றுகொண்டிருந்தான். ஆல்மா கரைமேல் நடந்து வந்தார். ஒதுங்க இடமில்லை, முழங்கால்வரை தண்ணீர்.

"நூத்தி நாப்பத்..." என்று ஆரம்பித்து நின்றார். வாய் அசைந்தது. "நூத்தி நாப்பத்தேழு. சரிதானே, டார்சி?"

இத்தனை வருஷத்தில் அவர் அந்த எண்ணுக்குப் பின்னால் கேள்வி வைத்ததில்லை.

"சரிதான், ஆல்மா."

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார். வலை நிறைய மீன் ஏறியிருந்தது. டார்சி அதைத் தண்ணீரிலேயே கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அவனிடம் சாக்குகள் இருந்தன. வயசானா ஞாபகம் போகத்தான் செய்யும், கொஞ்ச நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், நைரி வரட்டும். இவற்றைக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மாத்திரை மாதிரிப் போட்டுக்கொண்டான். ஒன்றும் கேட்கவில்லை.

நைரி திரும்பி வந்த வாரம் மர்லின் கவுன்சில் கொட்டகைக்கு வந்தாள். "பெரியம்மாவ என்னோட கூட்டிட்டுப் போறேன். அங்க ஒரு முதியோர் இல்லத்துல இடம் கிடைச்சிருக்கு. அலமாரிய இறக்கணும். நீங்க ரொம்ப நல்லவர்னு பெரியம்மா சொன்னாங்க, வர முடியுமா?"

நல்லவன் போனான். ஆல்மா வீட்டுச் சமையலறையில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். எங்கு பார்த்தாலும் சின்னச் சின்னத் தாள்கள் ஒட்டியிருந்தன. அடுப்பின் மேல் ஒன்று. கெட்டிலில் ஒன்று. பின்கதவில், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒன்று. மாத்திரை டப்பாவில், தண்ணீர்க் குழாயில், நாட்காட்டியில். எல்லாம் அவருடைய அந்த நேரான, இடைவெளி விட்ட கையெழுத்து. டார்சி எரித்த தாளில் இருந்த அதே கையெழுத்து. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எழுத்தும் தெரியாமலே அத்தனையையும் அவனால் வாசிக்க முடிந்தது. அடுப்பை அணை. கதவைப் பூட்டு. நீ யாரென்று மறந்துவிடாதே.

அலமாரியை ஒற்றை ஆளாக இறக்கிவிட்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

"என்னாச்சு?" என்றாள் நைரி. சொன்னான். அடுப்பில் போட்டதையும் சொன்னான். நைரி கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"அவங்ககிட்ட நீ வந்து பேசறியா?" என்றான். "உனக்குச் சொல்ல வரும்."

"இருபத்தேழு வருஷமா உனக்காக எல்லாத்தையும் வாசிச்சிருக்கேன். வரிக் கடுதாசி, மருந்துச் சீட்டு, உங்கம்மா சாவுச் செய்தி. வெக்கப்பட்டதே இல்ல. இன்னிக்குத்தான் வெக்கமா இருக்கு, டார்ஸ். உனக்குப் படிக்கத் தெரியாததுக்கு இல்ல." அவள் எழுந்துவிட்டாள். "நீயே போ."

மறுநாள் மர்லின் கடைக்குப் போன நேரம் பார்த்துப் போனான். ஆல்மா மேஜையில் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டார்சி தொப்பியைக் கழற்றினான்.

"ஆல்மா, தாளு சரியாத்தான் இருந்துச்சு."

"எந்தத் தாளு?"

"நீங்க குடுத்தது. தகட்டுக்கு."

"நீதானே சொன்னே, அதுல இருந்தபடிதான்..."

"எனக்குப் படிக்கத் தெரியாது."

அவர் அவனுடைய சட்டைப்பையைப் பார்த்தார். "அந்தக் கண்ணாடி?"

"அது சும்மா."

"தாளு எங்க?"

"எரிச்சிட்டேன்."

ஆல்மா அழுவார் என்று டார்சி நினைத்தான். அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"பத்தொன்பது நாள்," என்றார். "காலைல கண்ணு முழிச்சதும் மணல்திட்டுல உடைஞ்ச கப்பலையெல்லாம் வரிசையாச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு பேரு வர கொஞ்சம் லேட்டானா அன்னிக்கு முழுக்க சாப்பாடு இறங்காது. டாக்டர் என்னை இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டான். கிழமை! பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் பயந்தேன், தெரியுமா?"

"எனக்கு வெக்கமா இருந்துச்சு, ஆல்மா."

"உனக்கு வெக்கம். அதுக்கு எனக்குப் பைத்தியமா?"

டார்சி தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"மன்னிச்சிடுங்க."

"அதை அப்புறம் பார்க்கலாம். இப்ப நான் போய் மர்லின்கிட்ட இதைச் சொன்னா, கிழவி புதுசா ஒரு கதை கட்டுதுன்னு இன்னும் சீக்கிரமா மூட்டை கட்டுவா. நான் சொல்றதை இந்த ஊர்ல இனி எவனும் நம்ப மாட்டான். அந்த அளவுக்குப் பண்ணி வச்சிருக்கே. அதனால நீ சொல்லு. சனிக்கிழமை தகட்டைத் திரும்ப மாட்டறாங்க. ஆறாவது கம்பத்துல, எல்லாரும் இருக்கறப்போ."

"அவ்வளவு பேர் முன்னாலயா..."

"எனக்கும் அவ்வளவு பேர் முன்னாலதான் ஆச்சு," என்றார் ஆல்மா. கதவைத் திறந்துவிட்டார்.

சனிக்கிழமை முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். ஹோக்கிடிகாக்காரர் பதினாறு வாசகத்திலும் ஒரு புள்ளி கூடத் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். எழுதினதெல்லாம் சரி, எண் போடும்போதுதான் பாவம் குழம்பிவிட்டார் என்று ஊர் தீர்த்துவிட்டது. ஆல்மா பென்ஹேல் வீட்டு வேலி ஓரம் மர்லினோடு நின்றார். நைரி எதிர்ப்பக்கம் நின்றாள். டார்சியிடம் கைக்கொரு தகடு.

"சீக்கிரம் மாட்டுடா, மழை வருது," என்றான் காலின்.

டார்சி வாயைத் திறந்தான். நைரியைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எது எதுன்னு எனக்குத் தெரியாது, காலின்," என்றான்.

"கண்ணாடியப் போடு."

"கண்ணாடி போட்டாலும் தெரியாது. எனக்குப் படிக்க வராது. எப்பவுமே வந்ததில்ல." குரல் ஒருவிதமாகக் கீச்சிட்டது; ஆனால் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். "அன்னிக்குத் தாளு என் பையிலதான் இருந்துச்சு. நனையல. ஆல்மா ஒண்ணையும் மாத்தி எழுதல. நான்தான் குத்துமதிப்பா மாட்டினேன். அப்புறம் பொய் சொன்னேன். தாளைக் கொட்டகை அடுப்புல போட்டுட்டேன். அவங்களுக்கு ஒரு குழப்பமும் இல்ல. இருந்ததெல்லாம் நான் உண்டாக்கினது."

முப்பது பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பெரும்பாலானோர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"கேட்டியா, மர்லின்?" என்றார் ஆல்மா. சத்தமாக இல்லை. "டாக்டர் தாள்ல எழுத இடம் இருந்தா இதையும் எழுதிக்கோ." மர்லின் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா..." என்றாள்.

காலின் டார்சியின் முன்னால் வந்து நின்றான். அடிப்பான் போலிருந்தது. "ஏண்டா, அந்தப் பரிட்சைத் தாளு. என் பேரு போட்டு ரெண்டு தாளு வந்துச்சே. அது நீயா?"

"ம்."

"நாப்பது வருஷமா யோசிச்சிட்டு இருக்கேன்டா நாயே." அவன் டார்சியின் இடது கையிலிருந்த தகட்டை வெடுக்கென்று பிடுங்கினான். கீழ்வரை எழுத்து நெருங்கிய தகடு. "இதுதான் எங்க வீட்டோடது. இத்தனையும் அந்த நாப்பத்தொரு பேரோட பேருதான். பிடி, மாட்டு." பிறகு ஆல்மாவின் பக்கம் திரும்பினான், அவர் பார்த்த பார்வையில் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டான்.

டார்சி மண்டியிட்டு மாட்டினான். திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. நாலாவதை இறுக்கி முடித்து எழுந்தான்.

"டேய் டார்சி," என்றான் ஸ்பட் மோரன், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "தலைகீழா மாட்டியிருக்கேடா."

டார்சியின் காது இரண்டும் கொதித்தன. அவசரமாகக் குனிந்து முதல் திருகாணியைக் கழற்றினான். இரண்டாவதையும் கழற்றும்போதுதான் பின்னால் அடக்கிய சிரிப்பு வெடிப்பது கேட்டது. சிரிக்கிறார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள்? நேராக இருப்பதைக் கழற்றுகிறேன் என்றா, தலைகீழாக மாட்டினேன் என்றா? தகட்டைப் பார்த்தான். எழுத்துகள் அவனைத் திரும்பிப் பார்த்தன, ஒன்றும் சொல்லவில்லை. கையில் திருப்புளியோடு, ஒரு தகடு பாதி தொங்க, ஊர் முழுக்கப் பார்க்க, அவன் அப்படியே நின்றான். நைரி ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள்.

அவளுக்கு முன்னால் வேலியோரத்திலிருந்து குரல் வந்தது. அதில் மன்னிப்பு எதுவும் இல்லை. இணைப்பகத்தில் எண்ணைச் சொல்கிற குரல் அப்படித்தான் இருந்திருக்கும்.

"நேராத்தான் இருக்கு, டார்சி," என்றார் ஆல்மா. "மாட்டு."

அவன் மாட்டினான்.